நாலாவது பிஸ்டனின் பொட்டு

பாண்டுரங்கனைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவன் வீட்டைப் பூட்டுவதைப் பார்த்தால் போதும். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. பூட்டைப் போட்டு, சாவியைத் திருகி, ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பான். கீழே இறங்குவான். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுச் சற்று நிற்பான். சைக்கிளை மறுபடி ஸ்டாண்டில் போட்டுவிட்டு இரண்டு மாடி ஏறுவான். மறுபடி ஒரு இழுப்பு. அந்த இரண்டாவது இழுப்பின் சத்தம் கேட்டுத்தான் கீழ்வீட்டு அமீனா பீ தன் மகனை ஸ்கூலுக்கு எழுப்புவாள். 'ரெண்டு தபா பாண்டு' என்று அந்த பிளாக் முழுக்க அவனுக்குப் பெயர்.

இப்படிப்பட்ட ஆட்களுக்குச் சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கும் என்று காரணம் தேடுகிறவர்கள் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே காது பெரிதாக இருக்கும், சிலருக்குக் கால் கொஞ்சம் வளைந்திருக்கும். பாண்டுவுக்கு மனசு ஓர் இடத்தில் உட்காராது, அவ்வளவுதான். குப்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் கார் எஞ்சின் பக்கம் வந்தவன். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள், ஒரு பாதாம் மரத்தடியில் தகரக் கூரை போட்ட ஷெட் அவனுடையது. அம்பாசடர், ஃபியட் இரண்டையும் கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் பிரித்து மாட்டுவான். ஆனால் கட்டை அவிழ்த்ததும் சரியாக மாட்டினோமா என்று மறுபடி பிரித்துப் பார்ப்பான்.

அவன் மனைவி தேசம்மா நேர் எதிர். முடித்த வேலையைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. விடியலில் கடற்கரையில் மீன் எடுத்து, கூடையோடு மந்தைவெளித் தெருக்களில் விற்றுவிட்டு, பதினொரு மணி வாக்கில் ஷெட்டுக்கு வருவாள். பாண்டு சொந்தமாக ஷெட் போட்டு முதன்முதலில் கட்டிய எஞ்சின் ஒரே வாரத்தில் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டாவது எஞ்சினை மூடுவதற்கு முன் தேசம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். குழைத்த மஞ்சளைக் கட்டைவிரலால் தொட்டு ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் ஒரு பொட்டு வைத்தாள். மேலே குங்குமம் வைத்தாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷமாக ஒரு எஞ்சின்கூடத் திரும்பி வரவில்லை. அது பொட்டாலா, பாண்டுவின் கையாலா என்ற விசாரணை அந்த வீட்டில் நடந்ததே கிடையாது.

திரும்பி வராத வண்டிகளைப் பாண்டுவே தேடிப் போய் வாடிக்கையைக் கெடுத்துக்கொண்டதுண்டு. தேனாம்பேட்டையில் நெடுஞ்செழியன் என்று ஒரு பாங்க் அதிகாரி. தீபாவளிக்கு முந்தின வாரம் அவருடைய அம்பாசடரைச் சரிசெய்து கொடுத்தனுப்பிய அரைமணி நேரத்தில், சக்கர நட்டை முறுக்கினோமா என்ற சந்தேகம் பாண்டுவைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் ஜவுளி எடுக்கப் போவது தெரியும். சைக்கிளை மிதித்துக்கொண்டு தி.நகருக்குப் போய், அந்தக் கூட்டத்தில் பனகல் பார்க் அருகே வண்டியைக் கண்டுபிடித்து, கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினான். மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகள் எல்லோரையும் நடுரோட்டில் இறக்கிவிட்டு நாலு சக்கரத்தையும் சோதித்தான். எல்லா நட்டும் இறுக்கமாக இருந்தன. நெடுஞ்செழியன் எல்லோரையும் மறுபடி ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த மாதத்திலிருந்து அவருடைய வண்டி வேறு ஷெட்டில் நின்றது.

அன்றைக்கு தேசம்மா அவன் உள்ளங்கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். கொடுத்தனுப்பிய வண்டியை இனி ஒருநாளும் திரும்பிக் கூப்பிட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். பாண்டு சத்தியம் செய்தான். இரண்டு வருஷம் காப்பாற்றவும் செய்தான். எவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாற்றினான் என்பது அவன் கடித்துத் துப்பிய நகங்களுக்குத்தான் தெரியும்.

1996 ஜனவரி, மார்கழி இன்னும் முடியவில்லை. நீரஜா டீச்சரின் பீட்டில் கார் ஷெட்டுக்கு வந்தது. டீச்சருக்கு ஐம்பத்தெட்டு வயது, கோட்டூர்புரத்தில் தனியாக இருந்தார். மயிலாப்பூரில் பல வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறவர். கார் அவருடைய அப்பாவின் கார். டீச்சர் மைசூரில் இருக்கும் தங்கையோடு போய் இருந்துவிடுவதென்று முடிவெடுத்திருந்தார். வீட்டைக் காலிசெய்துவிட்டு, மறு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகப்போகிறார். அதற்குள் எஞ்சினைக் கட்டிக்கொடுக்க வேண்டும். நாலு புது பிஸ்டன்களையும் சிலிண்டர்களையும் ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா பிள்ளை பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். இங்கே கடைகடையாக ஏறி இறங்கினாலும் அந்தச் சாமான் கிடைக்காது.

பீட்டில் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிற வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கும், டிக்கி முன்னால் இருக்கும். எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது. காற்றும் ஆயிலும்தான் அதைக் குளிர்விக்கின்றன. பிஸ்டன்கள் மேலும் கீழும் போகாமல், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக்கொண்டு போய்வரும். ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் ஓரமாக, அரிசி அளவுக்கு ஓர் அம்புக்குறி குத்தியிருக்கும். பிஸ்டனைத் தாங்கும் பின் சரியாக நடுவில் இல்லாமல் ஒரு மயிரிழை தள்ளி இருப்பதால், அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. பாண்டு வாழ்நாளெல்லாம் கட்டிய எஞ்சின்களில் அம்பு, குளிர்விக்கும் காத்தாடிப் பக்கம் பார்க்கும். பீட்டிலில் நேர் எதிரே, ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரத்தின் பக்கம் பார்க்க வேண்டும்.

மாற்றி மாட்டினால் எஞ்சின் நின்றுவிடாது. இடதுகால் செருப்பை வலதுகாலில் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி ஓடும். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது அந்த பிஸ்டன் மட்டும் சிலிண்டர் சுவரில் டொக் டொக்கென்று தட்டும். சூடேறியதும் சத்தம் அடங்கிவிடும். ஆனால் தட்டு தட்டுதான். மாதக்கணக்கில் தட்டித் தட்டி, கிடைக்காத அந்தச் சாமானைத் தேய்த்துவிடும். இதெல்லாம் பாண்டுவுக்குத் தெரியும். அதனால்தான் பிஸ்டன்களை மாட்டும்போது 'ஃப்ளைவீல் பக்கம், ஃப்ளைவீல் பக்கம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினான்.

வலது பக்கத்து இரண்டும் வியாழக்கிழமையே அப்படிச் சொல்லிக்கொண்டு மாட்டியவை. அம்பைப் பார்த்து, பொட்டு வாங்கி, ஹெட் என்கிற மூடியைப் போட்டு இறுக்கியாயிற்று. வெள்ளிக்கிழமை இடது பக்கத்தில் மூன்றாவதும் முடிந்தது. நாலாவதைக் கையில் எடுக்கும்போது ஒருவர் அம்பாசடர் பிஸ்டன்களோடு வந்து நின்று, தன் மெக்கானிக் சரியாக மாட்டுகிறானா என்று சந்தேகம் கேட்டார். சந்தேகம் என்று யாராவது வந்தால் பாண்டுவால் சும்மா அனுப்ப முடியாது. அம்பு காத்தாடிப் பக்கம், காத்தாடிப் பக்கம் என்று நாலு தடவை சொல்லி அனுப்பினான். திரும்பி வந்து நாலாவது பிஸ்டனை மாட்டி, சிலிண்டரை ஏற்றிவிட்டு, கை கழுவி டீ குடிக்கப் போனான். டீக்கடையில் நிற்கும்போது நாலாவதை மாட்டுகையில் வாயில் என்ன சொன்னோம் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று பன்னை வேறு தொட்டுச் சாப்பிட்டான்.

போய்ப் பார்த்தான். அன்று மீன் சீக்கிரம் விற்றுவிட்டதால் தேசம்மா முன்னாலேயே வந்து, பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்றாவதில் அம்பு தெரிந்தது. நாலாவதில் நல்ல பெரிய பொட்டு, அம்பு இருக்க வேண்டிய இடத்திலேயே மஞ்சளும் குங்குமமுமாக அப்பியிருந்தது.

துடைத்துப் பார்க்க ஒரு விநாடி போதும். பாண்டு துணியைக் கையில் எடுக்கவும் செய்தான். ஆனால் கட்டிய மனைவி வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வைத்த பொட்டைப் புருஷன் கையாலேயே அழிப்பதா? பொட்டை அழிப்பது எந்த வீட்டில், எப்போது நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? துணியைக் கீழே போட்டான். சரியாகத்தான் இருக்கும் என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹெட்டைப் போட்டு இறுக்கினான்.

முதலில் ஸ்டார்ட் செய்தபோது பக்கத்து கிரில் பட்டறையில் இரும்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் நன்றாக ஓடியது. சனிக்கிழமை மத்தியானம் வந்து டீச்சர் வண்டியை எடுத்துப் போனார். அன்று சாப்பிடும்போது தேசம்மா பேச்சுவாக்கில், டீச்சரம்மா ரொம்ப தூரம் போகிறாரே என்று நாலாவதுக்கு மட்டும் பெரிய பொட்டாக வைத்ததாகச் சொன்னாள். பாண்டுவின் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

அதன்பிறகு அந்த மனுஷனுக்கு நிம்மதி இல்லை. ஸ்பார்க் பிளக் துளை வழியாக டார்ச் அடித்தால் ஒரு காலணா அகலம் தெரியும், ஓரத்து அம்பு தெரியாது. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியைத் திரும்பக் கேட்க வேண்டும், அதற்குக் குறுக்கே சத்தியம் நிற்கிறது. சத்தியத்தை விடுவித்துக்கொடு என்று தேசம்மாவைக் கேட்கலாம். ஏன் என்று அவள் கேட்டால், உன் பொட்டுதான் மறைத்துவிட்டது என்று சொல்ல வேண்டிவரும். பதினோரு வருஷமாக அவள் ஆசையாக வைத்துவந்த பொட்டு அது. மிச்சமிருந்தது ஒரே வழி. காலையில் டீச்சர் வண்டியை முதலில் எடுக்கும் அந்த ஒரு நிமிஷம் பக்கத்தில் நின்று காதால் கேட்டுவிட வேண்டும். அடுத்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை வண்டி மைசூருக்குப் போய்விட்டால் அப்புறம் ஆயுசுக்கும் தெரியாமலே போய்விடும். தப்பு என்று தெரிவதைக்கூடத் தாங்கிக்கொள்வான். தெரியாமல் போவதைத்தான் தாங்க முடியாது.

டீச்சர் ஆறரைக்கு வகுப்புக்குக் கிளம்புவார். திங்கட்கிழமை ஆறு மணிக்கே கோட்டூர்புரத்தில் அவர் வீட்டுக்கு எதிரே, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் பாண்டு போய் நின்றான். சரியாக ஆறரைக்கு கேட் திறந்தது. அதே விநாடி தெருக்கோடிக் கோயிலில் ஒலிபெருக்கி மார்கழிப் பாட்டைத் தொடங்கியது. பாட்டு முடியும்போது வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் கிட்டே போய் மதிலோரம் நின்றான். தண்ணீர் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்து, குடங்கள் உருண்டு, தெருவே எழுந்து வந்து சண்டைபோட்டது. புதன்கிழமை எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் டீச்சர் அன்று ஆறு மணிக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டிருந்தார். வியாழக்கிழமை பக்கத்து வீட்டு வாட்ச்மேன் வந்து தோளைத் தொட்டு, நாலு நாளாகப் பார்க்கிறேன், இங்கே என்ன வேலை என்று விசாரித்தான். பாண்டு தனக்குத் தெரிந்த ஒரே பொய்யைச் சொன்னான், பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று. அந்தத் தெருவில் பஸ் வராது. வாட்ச்மேனுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பீட்டில் சூடேறி, சீராக ஓடிக் கடந்துபோனது.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நெடுஞ்செழியனின் மாமியார் பனகல் பார்க் நடுரோட்டில் நின்று பார்த்த பார்வையைப் பாண்டு மறக்கவில்லை. ஊரைவிட்டே போகிற நேரத்தில், பத்து வருஷமாகத் தன்னிடம் மட்டுமே வண்டியைக் கொடுத்த ஓர் அம்மாளிடமிருந்து அப்படி ஒரு பார்வையைக் கடைசியாக வாங்கிக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை வண்டி வெளியே வரவே இல்லை. டீச்சர் வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் மீன் சந்தையில் பேச்சு கிளம்பிவிட்டது. கோட்டூர்புரத்தில் மீன் விற்கிற ஜானு, உன் வீட்டுக்காரன் தினம் விடிகாலையில் ஒரு பொம்பளை வீட்டு வாசலில் நிற்கிறான் என்று தேசம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பொம்பளையப் பாக்கப் போற ஆளு, கெளம்பறப்ப ரெண்டு தபா பூட்ட இஸ்துப் பாத்துட்டா போவான்? போடி அந்தாண்ட," என்றாள் தேசம்மா.

சொன்னாளே தவிர, சனிக்கிழமை விடிந்ததும் கூடையோடு அவளும் கோட்டூர்புரத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். ஏழு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் ஒரு மனுஷன் எதையோ மறைக்கிறான், அது என்னவென்று தெரியாமல் அவளாலும் இருக்க முடியவில்லை.

மரத்தடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற பாண்டுவின் பின்னால் போய்க் கூடையை இறக்கினாள். பாண்டு திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் இன்னா விஷயம் என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. நெஞ்சு வலியா, யாருக்காவது பயந்து நிற்கிறாயா, டாக்டரிடம் போனாயா என்று குரலை உயர்த்திக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது பீட்டில் ஸ்டார்ட் ஆகி, சூடாகி, கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பிரித்துச் சரிசெய்ய அவகாசமுள்ள கடைசிக் காலையும் போயிற்று. பாண்டு அப்படியே மதில் ஓரத்தில் குந்திக்கொண்டான்.

இனி மறைத்து என்ன பயன். தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். அம்பு, காத்தாடி, ஃப்ளைவீல், பொட்டு. பொட்டு என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

தேசம்மா கூடையைத் தள்ளிவைத்துவிட்டு அவன் எதிரே குந்தினாள். பிறகு கேட்டாள்: "என் பொட்டத் தொடைக்க பயந்துகினா ஒரு வாரமா இந்த மரத்தாண்ட நின்னுகினு கீற?"

அவன் தலையாட்டினான்.

"நான் வச்ச சத்தியம், நானே எட்த்துட்டேன். நான் வச்ச பொட்டு, நானே தொடைக்கறேன். எய்ந்திரு."

அவர்களைப் பார்த்து டீச்சர் வண்டியை நிறுத்தியிருந்தார். தேசம்மாவே போய் ஜன்னலருகே குனிந்து, எஞ்சினை ஒருதரம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நேரடியாகச் சொன்னாள். டீச்சர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மயிலாப்பூரில் ஒரு மாணவிக்கு வீணையின் உறையைக் கொடுக்கத்தான் கிளம்பினேன், அது சாயங்காலம் போனால் போகிறது என்றார். பின்கதவு இல்லாத அந்த வண்டிக்குள் பாண்டு மடங்கி ஏறினான். மீன் கூடையை எங்கே வைப்பது என்று தேசம்மா தயங்கினாள். டீச்சரும் ஒரு கணம் தயங்கினார். பிறகு இறங்கிப் போய் முன்பக்கத்து டிக்கியைத் திறந்துவிட்டார்.

"இங்கே வை. பரவாயில்லை, கழுவி விட்டுண்டா போச்சு," என்றார்.

மந்தைவெளி ஷெட்டில் நாலு போல்ட்டைக் கழற்றி எஞ்சினை இறக்க பாண்டுவுக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. அன்று கூடுதலாக அரைமணி ஆனது. மீன் கெட்டுவிடக் கூடாதென்று தேசம்மா ஷெட் வாசலிலேயே கடை விரித்தாள். டீச்சர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாதாம் இலைகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கத்து ஹெட் கழன்று வந்தபோது பாண்டு தேசம்மாவைக் கூப்பிட்டான். அவள் கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இரண்டு பிஸ்டன் தலைகளும் கரி பூத்திருந்தன. மூன்றாவதில் கரிக்கு அடியிலும் அம்பு தெரிந்தது, ஃப்ளைவீல் பக்கம். நாலாவதில் பொட்டு எரிந்து கருப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பாண்டு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அவளிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பாத்திரம் தேய்ப்பவள்போல அழுத்தித் துடைத்தாள்.

"காத்தாடி பக்கம் பாக்குது," என்றாள்.

பாண்டு குனிந்து பார்த்தான். தப்புதான். சந்தேகத்துக்கே இடமில்லாத தப்பு. வெட்கத்தில் அவனுக்குக் காது சூடாயிற்று. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. அதை வெளியே சொல்ல முடியாது. ஆயுசில் ஆயிரம் தடவை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறான். ஆயிரம் தடவையும் பூட்டு பூட்டித்தான் இருந்தது, நட்டு இறுகித்தான் இருந்தது, ஊர் சிரித்துத்தான் இருந்தது. இந்த ஒரு தடவை மனசு சொன்னது நிஜம். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் முன்னால் அழக்கூடாதென்று மண்ணெண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைக்க, கண் இன்னும் எரிந்தது.

"என் கைதான்யா மறைச்சிட்ச்சி," என்றாள் தேசம்மா மெதுவாக.

"நீ பொட்டு தான வச்ச. திருப்பி மாட்டனது என் கை," என்றான் பாண்டு.

டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து எட்டிப்பார்த்தார். "ஓ, அந்த சத்தம் இதுதானா?" என்றார்.

பாண்டு நிமிர்ந்தான்.

"காலம்பற எடுத்த உடனே ஒரு நிமிஷம் கேக்கும். நாலு தட்டுல ஒண்ணு மட்டும் தாளம் தப்பி விழும். அப்புறம் தானா சரியாயிடும். ஒரு வாரமா கேட்டுண்டுதான் இருக்கேன்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா டீச்சரம்மா?"

"சொன்னா நீ ராத்தூக்கம் இல்லாம அலைவியேன்னுதான் பாண்டு சொல்லலை."

ஒருவர் மனசு நோகக்கூடாதென்று இன்னொருவர் வாயை மூடிக்கொண்டதில், சிலிண்டர் ஒரு வாரம் அடி வாங்கியிருந்தது. பாண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். சுவரில் லேசான பளபளப்பு, அவ்வளவுதான். இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது. பிஸ்டனைக் கழற்றித் திருப்பி மாட்டினான். இந்த முறை தேசம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, ஃப்ளைவீல் எது, காத்தாடி எது என்று காட்டினான். அவளே குனிந்து பார்த்து, ஃப்ளைவீல் பக்கம் என்று சொன்ன பிறகுதான் சிலிண்டரை ஏற்றினான். அவள் மஞ்சளைக் குழைத்து, அம்பை விட்டுவிட்டு எதிர் ஓரத்தில் சின்னதாகப் பொட்டு வைத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் புது ஆயில் ஊற்றிக் கொடுத்ததும், டீச்சர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு இருவருமாகக் கோட்டூர்புரத்துக்குப் போனார்கள். இந்த முறை மரத்தடியில் நிற்கவில்லை, வீட்டுக்குள் கூப்பிட்டு டீச்சர் காபி கொடுத்தார். ராத்திரியெல்லாம் பனியில் நின்ற வண்டி. டீச்சர் சாவியைத் திருப்பினார். கோயிலில் இன்னும் பாட்டுப் போடவில்லை. நாலு தட்டும் நாலு தட்டாகவே விழுந்தன. டீச்சர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் பாண்டுவைப் பார்த்துச் சிரித்தார். பாண்டுவும் சிரித்தான். டீச்சர் எஞ்சினை அணைத்துவிட்டு, பெட்டிகளை ஏற்ற இன்னும் அரைமணி ஆகும், நீங்கள் கிளம்புங்கள் என்றார். தேசம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடச் சொன்னாள்.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். பாண்டு வழியெல்லாம் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தான். பல்லவன் பஸ் வருவது தெரிந்தபோது பேச்சு நின்றது. அவன் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினான். பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த திருகல் அது.

"இன்னா?" என்றாள் தேசம்மா.

"ஒண்ணியும் இல்ல. ஆயில் எறக்கற நட்டு கீதுல்ல, அடியில. அத்த முறுக்கனனா நானு?"

அவன் முறுக்கியதைத் தேசம்மா தன் கண்ணால் பார்த்திருந்தாள். முறுக்கிவிட்டு, மறுபடி ஸ்பானரைப் போட்டு இன்னொரு தடவை முறுக்கியதையும் பார்த்திருந்தாள். முறுக்கின, வா என்று சொல்லி அவனை பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் வந்து நின்றது. அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

பிறகு காலை எடுத்துவிட்டாள். பஸ் போய்விட்டது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்த வழியே முன்னால் நடந்தாள். பாண்டு ஒன்றும் புரியாமல் பின்னால் போனான்.

டீச்சர் முன் டிக்கியில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்குப் பின்னால் இருவரும் தரையில் குந்தி எஞ்சினுக்கு அடியில் தலையை விட்டிருப்பதைப் பார்த்தார். பாண்டு கையை நீட்டி நட்டைத் திருகிப் பார்த்தான். அது அசையவில்லை.

"என்ன பாண்டு, மறுபடியும் சந்தேகமா?" என்று கேட்டார் டீச்சர்.

பாண்டு எழுந்து வாயைத் திறப்பதற்குள் தேசம்மா முந்திக்கொண்டாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "சந்தேகம் இந்தாளுக்கு இல்ல டீச்சரம்மா. எனக்குத்தான் வந்துச்சி."